பின்னாலிருந்து வரும் சொற்கள்

சிங்கப்பூர்
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

பயப்படாதீர்கள், சும்மா ஒரு குழாய் ரத்தம் கொடுத்தேன். ஞாபகசக்தி பரம்பரையாக வருமா என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறார்கள். டாக்டர் சியோவ் முப்பது சொற்களை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் கடைசிச் சொல்லில் தொடங்கித் தலைகீழாக ஒப்பித்தேன்.

“ஏம்மா லிகாயா, உனக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் இருக்கா?” என்று சிரித்தார்.

“சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் டாக்டர். எங்கப்பாவுக்கு மூணு சாமான் சொன்னா ரெண்டு மறந்துடும்.”

“அப்போ அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா ஞாபகத்துல ஏறக்குறைய பாதி ரத்தத்துல வர்றதுதான்.”

என்னைப் பெற்ற வாரமே கண்மூடிவிட்டாள் அம்மா. அவளைப் பற்றி ஒரு ஞாபகமும் இல்லையே என்று எத்தனை முறை அழுதிருக்கிறேன்! நான் ஞாபகம் வைத்துக்கொள்ளும் விதமே அவள் கொடுத்ததுதானோ?

கருவாடு அனுப்பும்போது ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்: நம்மூர் பத்தாங்காஸ் சந்தைக்குக் கிளம்பும்போது அம்மா சாமான்களை முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பாளா, கடைசியிலிருந்தா?

பஸ் வந்துவிட்டது. கருவாட்டை மறந்தாலும் பரவாயில்லை அப்பா, இதை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்
லிகாயா