ஐந்தரைக்கு மேல் வரும் கேள்விகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மதிப்பெண் 91. லிஃப்ட்டைத் தூக்கும் கம்பிவடங்களின் படங்களைப் பார்த்து இயந்திரம் ஒரு முடிவு சொல்லும். பரிசோதகர் ‘சரி’ அல்லது ‘இல்லை’ அழுத்துவார். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதுதான் மதிப்பெண். அது கூடவேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது நான். மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9

94!

மார்ச் 17

அந்தப் பரிசோதகர்களில் அக்காவும் ஒருத்தி. போனில் புலம்பினாள்: “காலையில பச்சப்புள்ளகூட சொல்லிடும், அவ்ளோ ஈசியா கேக்குதுடி உன் மிஷினு. கஷ்டமானதெல்லாம் அஞ்சரைக்கு மேலதான் வருது. கண்ணு எரியுது. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு ‘சரி’ அழுத்திடறேன்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18

பதிவுகளைத் தோண்டினேன். சந்தேகமான வடத்தைக் காலையில் கேட்டால் அக்கா ‘இல்லை’ என்கிறாள். களைத்துப்போன மாலையில் ‘சரி’ என்கிறாள். இயந்திரம் அதைக் கண்டுகொண்டுவிட்டது. அப்படிப்பட்டதை எல்லாம் மாலைக்கென்று ஒதுக்கி வைக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை — இல்லை, நான்தானே சொன்னேன்? ஒத்துப்போ என்றேன். வழியை அதுவே கண்டுபிடித்தது.

மேலாளரிடம் ஓடினேன். “இப்ப கைவெச்சா மார்க் இறங்கிடும்மா. அடுத்த வாரம் மிஷின ஒப்படைக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்.”

தலையாட்டிவிட்டு வந்தேன். நானும் மாடுதான்.

மார்ச் 22

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

விடுப்பு. மதியம் அக்கா வந்தாள். ஏழு மாடியும் படியேறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க.

“லிஃப்ட் ஓடுதேக்கா?”

செருப்பைக் கழற்றாமல் நின்றாள். “உள்ள புதுச் சான்று ஒட்டியிருக்குடி. என் நம்பர். நேரம் அஞ்சு அம்பது. எதப் பாத்து ‘சரி’ அழுத்தினேன்னு ஞாபகமே இல்ல.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாலு மணிக்கு என் மகள் பாப்பா பள்ளியிலிருந்து வந்தாள், லிஃப்ட்டில்தான். ஒன்றும் ஆகவில்லை. இறுக்கிக் கட்டிக்கொண்டேன். “விடும்மா, வலிக்குது” என்றாள்.

‘ஓடாது’ என்று ஒரு தாளில் எழுதிக் கீழே லிஃப்ட் கதவில் ஒட்டினேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். “அப்ப சாயங்காலம் நான் ‘சரி’ அழுத்தின மத்த நானூறு லிஃப்ட்டும்?” என்றாள்.

ஆறு மணிக்கு மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. இயந்திரத்தை ஒப்படைத்தாகிவிட்டதாம். இன்றைய மதிப்பெண் நூறு.