எனக்கில்லாத சந்திராஷ்டமம்

அப்பா,

ஊரிலிருந்து வந்த தினசரி நாள்காட்டியை இன்று காலை சுவரில் மாட்டினேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் 'சந்திராஷ்டமம்: மகம்' என்றிருந்தது. "இன்னிக்கு எதையும் ஆரம்பிக்காதே" என்றார் இவர். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

நான் பிறந்தது ஆயில்யத்தில். மாமியாருக்கு ஆகாது என்று வந்த வரனெல்லாம் ஓடியது. பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதி என்னை மகமாக்கினீர்கள். "கல்யாணம் முடிஞ்சா யாரு கேக்கப் போறா?" என்று சிரித்தீர்கள். கேட்டார்கள் அப்பா.

எண்பதுகளின் கடைசி. குழந்தையில்லை என்று ஜனக்புரியில் மாமியார் வீட்டில் பேச்சு வாங்கி வாங்கி அலுத்த பிறகுதான், டில்லிக்கு அப்போது புதிதாக வந்திருந்த சோதனைக்குழாய்க் குழந்தை வைத்தியத்துக்குப் போனோம். ஊசி குத்தக்கூட உடம்பில் இடமில்லை. கடைசியில் கண்ணாடித் தட்டில் மூன்று கருக்கள் உயிரோடிருந்தன. டாக்டரம்மா இந்தியில் தெளிவாகச் சொன்னார்: "நாளைக்கே கர்ப்பப்பையில் வைத்துவிடலாம். வெளியே இன்னொரு நாள் தாங்குமா என்று சொல்ல முடியாது."

இவர் வீட்டுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். "அம்மா வேணாங்கறாங்க. நாளைக்கு உனக்குச் சந்திராஷ்டமம். நாளன்னிக்கு வெச்சுக்கலாம்."

"டாக்டர் நாளைக்குன்னு சொல்றாங்களே!"

"ஒரு நாள்தானே? என்ன ஜல்தி?"

எனக்கேது சந்திராஷ்டமம்? ஆயில்யத்துக்கு அது முந்தின நாளோடு முடிகிறது. அதை நம்பாத எனக்கே இது தெரியும். ஜாதகம் பார்க்கும் உங்களுக்குத் தெரியாதா? துணைக்கு வந்திருந்த உங்களைத்தான் பார்த்தேன். வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"வாயத் திறக்காதம்மா. ஜாதகத்தை மாத்தினேன்னு தெரிஞ்சா நான் கரோல் பாக்ல நாலு பேர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அது என் குழந்தைப்பா. சொல்லத்தான் போறேன்."

கை கூப்பினீர்கள். நர்சுகள் போய்வருகிற இடத்தில், பெற்ற மகளைப் பார்த்து. நான் என்ன செய்ய? உள்ளே போய்த் தலையாட்டினேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அச்சா, உங்கள் இஷ்டம்" என்றார்.

குறித்த நாளில் நல்ல நேரம் பார்த்துப் போனோம். வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றும் வளர்வதை நிறுத்தியிருந்தன. முந்தின நாளே வைத்திருந்தாலும் தங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆறுதலுக்குச் சொன்னார், பாவம். அதற்கப்புறம் இன்னொரு தடவைக்கு உடம்பிலும் தெம்பில்லை, கையிலும் வசதியில்லை. "கொடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்று நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்தீர்கள். அந்தத் துண்டைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. உங்கள் சிதை எரிந்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை அப்பா.

யாருக்கு ஆகாது என்று பயந்து பொய் எழுதினீர்களோ, அந்த மாமியாருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. என் கையால்தான் சாப்பிடுகிறார். போன வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சகர் என் நட்சத்திரம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சக்கர நாற்காலியிலிருந்து மாமியாரே, "மகம். எங்க மருமக மாதிரி யாருக்குக் கிடைக்கும்!" என்றார்.

"வேற யார் பேருக்காவது அர்ச்சனை?" என்றார் அர்ச்சகர்.

மூன்று பேர் இருக்கிறார்கள். பெயரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. "இல்லை" என்றேன்.