முப்பத்து நான்காம் எண் நாற்காலி

ஒஹாயோ, நவம்பர் 1951

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்டெபான் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் இருமல் குறைந்ததா? தங்கச்சி அன்னா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி இந்த சீசனில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. சனிக்கிழமையும் உதைதான். அன்று அப்பாக்கள் தினம். ஆட்டக்காரர்களின் அப்பாக்கள் எல்லாம் மகனுடைய எண் போட்ட துணியை முதுகில் மாட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் முப்பத்து நான்காம் எண் நாற்காலி மட்டும் காலி.

"என்னடா, உங்கப்பா இன்னும் கரி வெட்டி முடிக்கலையா?" என்று என்னோடு ஆடும் லெஸ்டர் கிண்டலடித்தான்.

"ஷிஃப்டுல மாட்டிக்கிட்டாருடா. அடுத்த வருஷம் மொத ஆளா வந்து உக்காருவாரு பாரு" என்றேன்.

ஆகஸ்டில் சுரங்கம் இடிந்து அப்பா போய்விட்டதை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை, அம்மா. இங்கேயாவது அவர் தினமும் வேலைக்குப் போய் வீடு திரும்பட்டும்.

நாற்காலியில் கிடந்த துணியை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே குளிர் தாங்கவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கும் அப்பாவின் கோட்டை அனுப்பு. இந்த எண்ணை அதன் முதுகில் தைத்துவிடு.

பயிற்சிக்கு விசில் ஊதிவிட்டார்கள், ஓடுகிறேன். கோட்டைத் துவைத்துவிடாதே, அம்மா.

உன் மகன்,
ஸ்டெபான்