நிஜ வரிசை

சண்டர்லாந்து,
நவம்பர் 1982

அன்பு பிரையன்,

உன் நாடகம் நேற்று டிவியில் வந்தது. வேலையில்லாதோர் வரிசையில் நிற்கும் பையனாக நடித்தாயே, நம் ஊர் உதவித்தொகை அலுவலகத்தில் படம்பிடித்தார்களே, அந்தக் காட்சி. "நம்ம பிரையனைப் பாருங்க! எவ்ளோ மெலிஞ்சிட்டான்!" என்று உன் அம்மா கத்தினாள்.

திரையில் நீ திரும்பினாய். பின்னால், நிஜ வரிசையில் நின்ற என்னைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாய். படம்பிடித்த அன்று நீ என்னைக் கவனிக்கவில்லை என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

அம்மாவும் பார்த்தாள். டிவியை அணைத்துவிட்டு, "டீ போடறேன்" என்று எழுந்து போனாள்.

இன்று காலையும் கப்பல் பட்டறைக்கென்று கிளம்பினேன், எட்டு மாதமாகக் கிளம்புவதுபோல. சாப்பாட்டு டப்பாவோடு குடையையும் நீட்டினாள். "நாள் பூரா மழையாம். நனையாதீங்க."

பூங்கா பெஞ்சில் அந்தக் குடைக்கடியில்தான் இதை எழுதுகிறேன். இருபது வருடம் நிஜமாகவே வேலைக்குப் போனபோது ஒருநாளும் அவள் குடை கொடுத்ததில்லை.

உன் அப்பா