நிக்கல் உப்பு

அனுப்பம்பட்டு
4 ஜூலை 2024

அன்புள்ள எப்சிக்கு,

நலம்தானே? அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாய். "உங்க ஷெட்டு தண்ணி எங்க போவுது?"ன்னு போனில் கேட்டாய். "அது உனக்கு இன்னாத்துக்கு?"ன்னு சொன்னேன். அதற்காகவா நம்பரை பிளாக் செய்வார்கள்? பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பேனா பிடிக்காதவனைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். கெமிஸ்ட்ரி டீச்சர் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும்.

அத்தை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய இறால் வந்தது. எனக்கு வயிறு சரியில்லை. கீழ்வீட்டுச் சரண்யாவுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். "இன்னா சார், இம்மாம் பெருசா கீது!" என்று பூரித்துப்போனாள். இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று அத்தையிடம் சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
ஹேமந்த்


கோட்டைக்குப்பம்
9 ஜூலை 2024

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலமில்லை. அம்மாவும் நலமில்லை.

அம்மா எப்படி இறால் பிடிப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவாள். இப்போது அந்தக் கைகளில் முழங்கைவரை கொப்புளம். நீர் வடிகிறது. சோறு பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்கிறாள். "வலை போடுறவனுக்கு இன்னாடி? எனக்குக் கைதான வலை"ன்னு அழுகிறாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, "நிக்கல் ஒவ்வாமை மாதிரி இருக்கிறது, எங்கே படுகிறது?" என்று கேட்டார். நிக்கல் முலாம் ஷெட்டிலிருந்து நீங்கள் பச்சைக் கறையோடு கொண்டுவரும் சட்டைதான் ஞாபகம் வந்தது. அதைத் துவைத்த என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மறுபடியும் கேட்கிறேன். ஷெட் கழுவும் தண்ணீர் எங்கே போகிறது?

எப்சிபா


அனுப்பம்பட்டு
13 ஜூலை 2024

அன்புள்ள எப்சிக்கு,

கால்வாயில்தான் விடுகிறோம். அது ஏரிக்குத்தான் வருகிறது. முதலாளி சொல்கிறார், குழாயை நான் திறக்கிறேன். ஆனால் அது வெறும் உப்புத் தண்ணீர். அந்தப் பச்சைப் பொடிக்கு ஷெட்டில் பெயரே நிக்கல் உப்பு.

மாடியில் டியூஷன் பிள்ளைகளுக்கு நீதானே சொன்னாய்? "சோடியத்த தண்ணில போட்டா தீப்பிடிக்கும், குளோரின் மூச்ச அடைக்கும். சோடியம் தன்னோட ஒரு எலக்ட்ரானக் குளோரினுக்குக் கொடுத்துட்டா, ரெண்டும் அயனியாகி ஒண்ண ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். அதத்தான் சோத்துல போட்டுச் சாப்பிடுறோம்"னு. துணி காயப்போட்டுக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நிக்கலும் எலக்ட்ரானைக் கொடுத்துத்தானே உப்பாகிக் கிடக்கிறது? உப்பு ஏரியில் இன்னும் கொஞ்சம் உப்பு சேர்ந்தால் என்ன?

21ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து அழைத்துப்போகிறேன். தயாராக இரு.

ஹேமந்த்


கோட்டைக்குப்பம்
17 ஜூலை 2024

ஹேமந்துக்கு,

என் பாடத்தைப் பாதி கேட்டுவிட்டு இறங்கிவிட்டீர்கள். எலக்ட்ரானைக் கொடுத்த பிறகும் சோடியம் சோடியம்தான், நிக்கல் நிக்கல்தான். சோடியம் ஒன்றைக் கொடுக்கும், நிக்கல் இரண்டைக் கொடுக்கும். நேர் அயனியும் எதிர் அயனியும் பிணைந்த எதற்கும் உப்பு என்றுதான் பெயர். பெயர் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. சோடியம் அயனி நம் ரத்தத்துக்கு வேண்டும். நிக்கல் அயனி தோலுக்குள் இறங்கிப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு அதை எதிரி என்று நினைத்துக் கொப்புளம் கிளப்பும். கரைந்த பிறகு துணியில் வடித்தாலும் அது நிற்காது.

தெரியாமல் செய்துவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் இந்தத் தப்பைச் செய்யும். திருத்திவிட்டு உங்களோடு கிளம்பிவிடலாம் என்றுகூட இருந்தேன்.

பிறகு உங்கள் முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். வயிறு சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். போன தடவை பல்வலி. அதற்கு முந்தின தடவை உபவாசம். இறால் என்றால் உயிரை விடுகிற மனிதர், ஷெட்டில் குழாய் திறக்க ஆரம்பித்ததிலிருந்து என் அம்மா பிடித்த இறாலைத் தொடவே இல்லை. உப்புதான் என்றால் ஏன் தொடவில்லை? தெரிந்துகொண்டே அதைச் சரண்யாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள். உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்தாலே குமட்டுகிறது.

சரண்யாவிடம் சொல்லிவிட்டேன். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. குழாயைத் திறப்பவர் பெயரையும் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

அம்மா கேட்டாள், "மாப்ள சோத்துல உப்பு போட்டுத்தான துன்றாரு?"ன்னு.

"போட்டுத்தாம்மா துன்றாரு. ஊருக்குப் போடுறதுதான் வேற உப்பு" என்றேன்.

எப்சிபா