மொதல்ல அவரத் தடவுங்க

பெப்ரவரி 3, திங்கள்

இன்றைக்குப் பிள்ளை மடுவத்தில் வினோதாவின் மகளைத் தூக்க முடியவில்லை. குனிந்ததும் அடிவயிற்றில் சுளீரென்று பிடித்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

சனிக்கிழமை காளியாயி அக்கா பிசைந்த வலி இது. மாதா மாதம் நான் தலைக்குக் குளித்த கையோடு மாமி அந்த அக்காவைக் கூட்டி வந்துவிடுவார். சுட வைத்த விளக்கெண்ணெயை ஊற்றி, தொப்புளுக்குக் கீழே இரண்டு பெருவிரலையும் வைத்து அழுத்தி மேலே தள்ளுவார். கருப்பை இறங்கிக் கிடக்கிறதாம், ஏற்றுகிறாராம். கல்யாணமாகி ஆறு வருஷம். இன்னும் ஏறி முடியவில்லை.

இந்த முறை புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். "ஊரு புள்ளைங்கள தூக்கித் தூக்கியே ஒனக்கு எறங்கிப் போச்சு தாயி."

மாமி அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அந்த வேலைய விட்டுறச் சொல்லுடா ஜூட்சன்."

என் வேலையை. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுச் செல்லும் பிள்ளைகளை அவர்கள் திரும்பும்வரை பார்த்துக்கொள்கிற வேலை. ஓ.எல். பரீட்சை முடித்து, பயிற்சிக்குப் போய், இன்டர்வியூவில் பயந்து நடுங்கி வாங்கிய வேலை. என் வீட்டுக்காரர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, போனிலிருந்து தலையைக்கூட எடுக்காமல் சொல்கிறார், "அம்மா சொல்றதுல என்ன தப்பு?"

என்ன தப்பா? நாளைக்கு எழுதுகிறேன்.

பெப்ரவரி 4

எழுதவில்லை. இன்னும் அதே கோபம்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் படியில் மறுபடி ஏறி இறங்கச் சொன்னார் மாமி. நடந்தால் இடுப்பு இளகுமாம். நடப்பது எனக்குப் பிடிக்கும், அதில் கோபம் இல்லை. ஆனால் அன்னாசி தொடக் கூடாது, பப்பாசி தொடக் கூடாது, பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, காலையில் வெறும் வயிற்றில் வெந்தயக் கஞ்சி, படுக்கும்போது இடுப்புக்குத் தலையணை. டின் மீன் கறி எனக்கு உயிர் என்று தெரிந்தும் அதுவும் சூடு என்று நிறுத்தியாயிற்று.

இவருக்கு? இவருக்கு ஒன்றும் இல்லை. பெக்டரியில் டிரையர் வாயில் நின்று வெந்துபோய் வருகிறார். வரும்போதே வாயில் வெற்றிலை, உள்ளே புகையிலை. சம்பளத்தன்று சாராயம். பிள்ளை ஒரு ஆளால் மட்டும் வருகிற சாமான் என்று இந்த வீட்டில் யார் முடிவு பண்ணினார்கள்?

பெப்ரவரி 12, புதன்

லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் போனேன். தோட்டத்து மிட்வைஃப் நாகலெட்சுமி மிஸ் டவுன் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்து எத்தனையோ நாளாகிறது. ரத்தம், ஸ்கேன் எல்லாம் போன மாதமே ரகசியமாக எடுத்துவிட்டேன். இன்றைக்கு அவற்றைப் பார்த்தார் டொக்டர், சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். கருப்பை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதாம். பிள்ளைகளைத் தூக்குகிறேனே என்று கேட்டேன். "அதனால ஒன்னும் ஆகாது" என்று சிரித்தார். எண்ணெய் தேய்ப்பதைக் கேட்டேன். உடம்புக்கு இதமாக இருந்தால் தேய்த்துக்கொள், வலித்தால் நிறுத்தச் சொல் என்றார்.

"மஹத்தயா எங்க?" என்று என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். வரவில்லை என்றேன். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். டிரையர் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தேயிலையைக் காய வைக்கிற அடுப்புப் பக்கம், நாள் முழுக்கச் சூட்டில் நிற்கிறார், புகையிலை போடுகிறார் என்று விளக்கினேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். சூடும் புகையிலையும் ஆண்களின் விந்தைக் குறைக்கும், முதலில் அவரை அழைத்து வாருங்கள், சோதிக்க வேண்டும் என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வரும் வழியெல்லாம் அழுதேன். சந்தோஷத்திலா என்றால் இல்லை. யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது.

பெப்ரவரி 13

அவரிடம் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு டெஸ்ட்டு? நான் நல்லாத்தானே இருக்கேன்."

நானும் நல்லாத்தான் இருக்கேன், அதான் டொக்டரே சொல்லிட்டாங்களே என்றேன். அதற்கு, "அங்க ரூமுக்குள்ள விட்டு, குப்பியக் கையில குடுத்து... வெக்கங்கெட்ட வேல. என்னால முடியாது" என்கிறார்.

வெக்கமாம். என் வயிற்றை இந்த லயத்து வீடுகளில் தொடாத கிழவி இல்லை. டவுனில் எத்தனை பேர் முன்னால் காலை விரித்துப் படுத்தேன். அதெல்லாம் வெக்கத்தில் சேராதா? எனக்கு மானம் இல்லையா?

மார்ச் 1, சனி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காளியாயி அக்கா எண்ணெயோடு வந்தார். பாயை விரித்தார் மாமி. ஜூட்சன் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் படுக்கவில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "அக்கா, மொதல்ல அவரத் தடவுங்க" என்றேன்.

"யார தாயி?"

"எங்க வீட்டுக்காரரத்தான். அவருக்கும் எதாவது எறங்கிக் கெடக்கான்னு பாருங்க."

காளியாயி அக்கா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பாக்கு தெறித்து விழுந்தது. அடுத்த வீட்டுக் காம்பராவரை கேட்டிருக்கும். "அடியே, வாய அடக்கு" என்று மாமி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஜூட்சன் எழுந்து வெளியே போய்விட்டார்.

நானும் விடவில்லை. பின்னாலேயே போய் வாசலில் நின்று சொன்னேன். இனிமேல் நான் என்ன தின்கிறேனோ அதைத்தான் நீங்களும் தின்பீர்கள், நான் எங்கே நடக்கிறேனோ அங்கே நீங்களும் நடப்பீர்கள், நீங்கள் செய்யாத எதையும் நானும் செய்ய மாட்டேன், மடுவத்தையும் விட மாட்டேன். சமையல் என் கையில்தானே இருக்கிறது. பார்க்கலாம்.

காளியாயி அக்கா போகும்போது என் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டுப் போனார். அந்த அமுக்கு நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 3

வெந்தயக் கஞ்சி. இரண்டு கோப்பை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மார்ச் 5, விபூதிப் புதன்

தவக்காலத்துக்கு வெற்றிலையையும் சாராயத்தையும் விடுவதாக மாமியிடம் சொல்லியிருக்கிறார். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை, "எம் புள்ளைக்குப் பக்தி வந்துருச்சு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். எனக்காக விட்டேன் என்று சொல்ல வாய் வராது, ஆண்டவர் பேரைச் சொல்லலாம். விட்டால் சரி.

மார்ச் 16, ஞாயிறு

இப்போது மேல்மலை ரோட்டில் தினமும் நடக்கிறோம். அவருக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கு வாங்கவில்லை. முதல் கிழமை ஊமையைப்போல வந்தார். அப்புறம் மெல்லப் பேச்சு வந்தது. எனக்குக்கூடக் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது. இன்று அதையும் கெடுத்துக்கொண்டார்.

தண்ணீர் டாங்கிப் பக்கம் உட்கார்ந்தோம். கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டே சொன்னார். "டிரையர்ல எனக்கு முன்னால நின்னாரே செல்லசாமி அண்ணே, அவருக்குப் புள்ள இல்ல. அவருக்கு முன்னால நின்னவருக்கும் இல்ல. டிரையருக்காரன் வித்து வெந்துரும்னு பெக்டரில சொல்லிச் சிரிப்பாங்க. நானும் சேந்து சிரிச்சிருக்கேன்."

"எப்ப இருந்து சொல்றாங்க?"

"நான் வேலைக்கிச் சேந்த நாள்ல இருந்தே."

கல்யாணத்துக்கு முந்தியே.

தெரிஞ்சிருக்கு. இந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பொம்பள என் வயித்தப் பெசையுறப்ப வாசல்ல ஒக்காந்து போன் பாத்துட்டு இருந்தாரே, அப்பவும் தெரிஞ்சிருக்கு. என் வேலைய விடச் சொன்னப்பவும். பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தேனே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், போதும்மா விட்டுருங்கன்னு சொல்லத் தோணலியா? என்ன ஜென்மம்?

"பயமா இருந்துச்சு டெல்சி" என்றார். எனக்கு மட்டும் என்ன, திருவிழாவாகவா இருந்தது? விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 17

பேசவில்லை.

மார்ச் 21

தனியாகத்தான் நடந்தேன். பின்னால் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

டவுனுக்குப் போய் டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தனியாகப் போயிருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. வந்து, "குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். கோழி முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. எண்ணிக்கை குறைவு, உயிரோடு இருப்பவற்றுக்கும் ஓட்டம் போதாது. டொக்டர் நல்லவிதமாகத்தான் சொன்னார். இல்லவே இல்லை என்று இல்லை, சூட்டை விட்டு விலகுங்கள், புகையிலை வேண்டாம், இப்போது நடப்பதை நிறுத்தாதீர்கள், சில மாதம் கழித்துப் பார்ப்போம், கூடுவதற்கு வாய்ப்பு இருக்கிறது என்றார். ஜூட்சன் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பஸ் நோர்வுட் தாண்டியிருக்கும். என் கையைப் பிடித்தார். நான் கையை இழுக்கவில்லை, ஆனால் இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று துள்ளப்போகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். துள்ளல் வரவில்லை, எரிச்சல்தான் மிச்சம். யாராவது முதல் வருஷமே இதைச் செய்திருந்தால்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

நேற்று இரவு அவரே மாமியிடம் சொல்லிவிட்டார். டிரையரை விட வேண்டும் என்பதையும்.

மாமி முதலில் டொக்டரைத் திட்டினார். பிறகு, "டிரையர விடுறதா? பைத்தியமாடா? ஒங்கப்பா காலத்துல இருந்து நமக்கு பெக்டரி வேல. அத விட்டுட்டு மலைக்கிப் போயி மம்பட்டி புடிக்கப் போறியா?" என்றார். என் வேலையை விடச் சொல்லும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்காத வாய் அது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இன்று கோயிலில் ஓலை வாங்கிக்கொண்டு வரும் வழியில் என்னைத் தனியாக இழுத்து நிறுத்தினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"புள்ள குடுக்குறதும் குடுக்காததும் ஆண்டவர் சித்தம். அதுக்காக ஒலகமா அழிஞ்சிரும்? நீங்க ரெண்டு பேரும் நல்லா இருந்தா அது போதும் எனக்கு."

ஆறு வருஷத்தில் எனக்கு ஒரு முறையாவது இதைச் சொல்லியிருக்கிறாரா? குறை என்னிடம் என்றிருந்தவரைக்கும் குலம் அழிந்துபோகிறது என்று ஒப்பாரி. மகனிடம் என்றதும் ஆண்டவர் சித்தம்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஒன்னையக் கெஞ்சிக் கேக்குறேன் டெல்சி. யாரு கேட்டாலும் கொற ஒங்கிட்டத்தான்னு சொல்லிரு. இவ்வளவு நாளா அப்படித்தானே இருக்கு, புதுசா ஒனக்கு என்ன ஆகப்போகுது? அவன் ஆம்பள. தாங்க மாட்டான்."

நடு ரோட்டில், கையில் குருத்தோலையை வைத்துக்கொண்டு கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இந்த வயசில் அந்த மனுசி தாங்கியிருக்க மாட்டார். இப்போது மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொன்றாக. மாட்டேன். மாட்டேன். ஒனக்கு என்ன ஆகப்போகுதாம்!

ஜூட்சனிடம் அப்படியே சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல். தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதானா?

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

தவக்காலம் முடிந்தது. மாமி வெற்றிலைத் தட்டை அவர் முன்னால் வைத்தார். அவர் எடுக்கவில்லை.

மே 2

டிரையரிலிருந்து மாற்றச் சொல்லிப் பெக்டரிப் பெரியவரிடம் கேட்டீர்களா என்றால், "டீமேக்கர் ஐயா லீவு", "அடுத்த மாசம்", "கொழுந்து கூடுன நேரத்துல எப்படிக் கேக்குறது?" வெறும் சாக்கு. காரணம் எனக்குத் தெரியும். டிரையரை விட்டால் அவருக்கு இருக்கிற ஒரே இடம் மேல்மாடி. கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற இடம், குளிர்ச்சியான இடம். ஆனால் அங்கே நிற்பது பெண்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும். டிரையருக்காரர் மாடிக்கு ஏறினால் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டுமே. என்னைப் பார்த்துச் சிரிக்காத நாள் எது?

மே 14, புதன்

பிள்ளையைக் கூட்டிப் போக வந்த வினோதா நின்றாள். அவள் பெக்டரி மாடியில்தான் வேலை செய்கிறாள். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தாள்.

"டீச்சர், ஒங்க வீட்டுக்காரு இன்னைக்கி எங்க பக்கம் வந்துட்டாரு."

"மாடிக்கா?"

"ஆமா. நம்ம ஆளுங்களப் பத்தித் தெரியுந்தானே, என்ன ஜூட்சன் அண்ணே, சீல கட்டிட்டு வரலியான்னு ஒருத்தன் கேட்டுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு கொழுந்தக் கொட்டிட்டே சொல்றாரு, கொற எங்கிட்டத்தான்டா, எம் பொண்டாட்டி ஆறு வருசமா சும்மா ஏச்சு வாங்கியிருக்கா, சூட்ட விட்டா சரியாகுமாம், வந்துட்டேன், சிரிச்சி முடிச்சிட்டா அந்தத் தட்ட எடுங்கன்னு. அப்புறம் எல்லாரும் தட்ட எடுத்துட்டாங்க டீச்சர்."

வீட்டுக்கு வந்தபோது மாமி உள்ளே செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. ஜூட்சன் வந்ததும் டின் மீன் கறி வைத்தேன், உறைப்பாக. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூன் 8

காளியாயி அக்காவை நானே கூப்பிட்டேன். முதுகுக்கு. வயிற்றில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மறுபடி டெஸ்ட் பார்த்தார்கள். கூடியிருக்கிறது. போதும் என்று சொல்கிற அளவு இல்லை, ஆனால் கூடியிருக்கிறது. இப்படியே போங்கள் என்றார் டொக்டர். இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஆகுமா என்று யாருக்கும் தெரியாது.

பூசை முடிந்து பொகவந்தலாவை பஜாரில் மரக்கறி வாங்கப் போனோம், மூன்று பேரும். வீரம்மா அக்கா எதிரே வந்தார். முன்பு எங்கள் லயத்தில் இருந்தவர், இப்போது ராகலையில் மகளோடு இருக்கிறார். வந்ததும் வராததுமாக என் வயிற்றைப் பார்த்தார்.

"என்ன டெல்சி, விசேஷம் ஒன்னும் இல்லியா இன்னும்?"

மாமி வாயைத் திறந்தார். "அவளுக்கு எங்க வீரம்மா..."

"அவளக் கேக்காதீங்க" என்றார் ஜூட்சன். கையில் லீக்ஸ் கட்டு. "வைத்தியம் எனக்குத்தான் நடக்குது. டிரையர் சூட்டுல நின்னு எனக்குத்தான் கொறஞ்சிருச்சு. இப்ப கொஞ்சம் தேவல. இனிமே எங்கிட்டயே கேளுங்க அக்கா."

வீரம்மா அக்கா அவரைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். மாமி மரக்கறிக்காரரிடம் போஞ்சி என்ன விலை என்று கேட்டார்.

"ராகலையில ஒரே மழை" என்றார் வீரம்மா அக்கா.

இங்கேயும் அப்படித்தான் என்றேன் நான்.