பாதுவாவில் ஒரு கால்மணி நேரம்

அக்கா,

இன்று வைத்தியரின் காத்திருப்பு அறையில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு படம் பார்த்தேன். இறந்த மகனை மடியில் ஏந்திய தாய், அவன் முகத்தோடு முகம் வைப்பதுபோலக் குனிந்திருக்கிறாள். மேலே வானத்தில், நீங்கள் சம்மனசுகள் என்று சொல்லுகிற சிறகுள்ளவர்கள், வாய்விட்டு அழுகிறார்கள். கீழே சிறிய எழுத்தில் பாதுவாச் சிற்றாலயம் என்று போட்டிருந்தது. என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவேயில்லை.

நாங்கள் இத்தாலிக்கு, பாதுவாவுக்குப் போனது யூரோ வந்த அடுத்த வருடம். இரண்டு பேருக்கும் அப்போதுதான் ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. எங்கள் எசன் நகரத்துக் கத்தோலிக்கச் சனம் அந்தோனியார் கோயிலுக்கு பஸ் பிடித்தபோது, சைவக்காரியான என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரே மாடியைத் துடைத்தவர்கள் நாங்கள். எனக்கு அது முடியப் பின்னேரம் ஒரு அலுவலகமும் இருந்தது. லீவு கிடைத்தால் படுத்துக் கிடக்கத்தான் ஆசை.

அந்த ஊரில் வெயில் படாமலே நடக்கலாம். தெருவுக்குத் தெரு, வீடுகளுக்குக் கீழே தூணும் வளைவுமாக நடைபாதை. சந்தைக்கு மேலிருந்த பழைய நீதிமண்டபத்தில் நீங்கள் அண்ணாந்து பார்த்து, கூரை கவிழ்த்து வைத்த வள்ளம் மாதிரி இருக்கிறது என்றீர்கள். மன்னார்க் கடற்கரையில் பிறந்தவருக்கு அப்படித்தான் தெரியும். எனக்கோ, இருக்க ஒரு கதிரை இல்லை என்பதுதான் நினைவில் நின்றது.

கோயிலில் மற்றவர்கள் மெழுகுதிரிக்கு வரிசையில் நிற்க, நீங்கள் அந்தோனியாரின் கல்லறையில் ஒருதரம் கை வைத்துவிட்டு என்னை அவசரப்படுத்தினீர்கள். வேறு இடத்திலிருந்த அந்தச் சிற்றாலயத்துக்குத் தெர்மின், முன்கூட்டியே குறித்த நேரம், இருந்தது. வேலையிடத்து இத்தாலியப் பெண் எடுத்துத் தந்த தெர்மின். சுவரில் கீறின படம் பார்க்கவும் தெர்மினா என்று நான் அலுத்துக்கொண்டேன். ஈரக்காற்று படத்தைக் கெடுக்குமென்று முதலில் ஒரு கண்ணாடி அறையில் இருத்தி வைத்தார்கள். பிறகு கதவைத் திறந்து, கால்மணி நேரம் என்றார்கள். நீலக் கூரையை ஒருமுறை பார்த்தேன். சுவரோர ஆசனத்தில் இருந்தேன். அவ்வளவுதான்.

"எழும்பு பிள்ளை, நேரம் முடிஞ்சுது."

ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். உங்கள் கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள்.

"நீ எத்தினை நாளா ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. நான் உனக்கும் சேத்துப் பாத்தனான்."

அடுத்த நாள் பஸ் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும்வரை சுவர் சுவராகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். கழுதையில் தப்பியோடும் குடும்பம், முத்தமிட்டுக் காட்டிக்கொடுப்பவன், நரகத்தில் மனிதரைத் தின்னும் பேய். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்தத் தாயைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அக்கா.

பாதுவாவுக்குச் சில வருடம் முன்னர், உங்கள் மகன் சண்டையில் செத்துவிட்டான் என்று ஊரிலிருந்து கடிதம்தான் வந்தது. உடலை யாரும் காணவில்லை. இங்கே பூசை ஒன்று கொடுத்துவிட்டு, மறுநாள் காலை என்னோடு மாடி துடைக்க வந்தீர்கள். யாராவது துக்கம் விசாரித்தால், "ஓம், அவன் போயிட்டான்" என்பதோடு பேச்சை மாற்றுவீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த இத்தாலியப் பெண் ஒருநாள் உங்களுக்குக் காட்டிய தபாலட்டையில் என்ன படம் இருந்தது என்று நான் கேட்டதுமில்லை. அது இந்தத் தாய்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவளைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. போன மார்கழியில் உங்களையும் அடக்கம் செய்துவிட்டோம்.

இன்னும் இரண்டு வேலைதான் செய்கிறேன். முழங்கால் ஏலாது என்கிறது. பாதுவாவுக்குத் திரும்பப் போவேன் என்று தோன்றவில்லை. உங்கள் பக்கத்தில் இருந்தும் இல்லாமல் போன அந்தக் கால்மணி நேரம் மட்டும் என்னோடு இருக்கிறது. விழித்திருந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்திருப்பேன். ஆனால் நான் விழித்திருந்திருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்களா என்பதுதான் தெரியவில்லை.